நாளிதழ் நின்றுபோன ஊரில் நகராட்சிக் கூட்டத்துக்கு யார் போகிறார்கள்?

டென்வர்வாசி எழுதியது:

வணக்கம். செய்தித்தாள்கள் தேய்ந்து, இணையப் பத்திரிகைகள் வளர்வது பற்றி இங்கே அவ்வப்போது பேச்சு வருகிறது. "பேப்பர் போனால் போகட்டும், எல்லாம் ஃபோனிலேயே வந்துவிடுகிறதே" என்ற இடத்தில் அது நின்றும் விடுகிறது. நான் இருக்கும் டென்வரில் (அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகர்) இந்தக் கதை ஒரு முழுச் சுற்று நடந்து முடிந்துவிட்டது. கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம் ஊர்களுக்கு இதில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டென்வரில் இரண்டு நாளிதழ்கள் இருந்தன. மூத்தது ராக்கி மவுண்டன் நியூஸ். முதல் இதழ் 1859 ஏப்ரல் 23இல் வந்தது. கொலராடோ ஒரு மாநிலமானதே 1876இல்தான். மாநிலத்தை விடப் பத்திரிகைக்கு வயது அதிகம். மற்றது டென்வர் போஸ்ட். இரண்டுக்கும் கடும் போட்டி. தாக்குப்பிடிக்க முடியாமல் 2001இல் விளம்பரம், அச்சு, விநியோகம் எல்லாவற்றையும் ஒன்றாக்கிக்கொண்டு, ஆசிரியர் குழுக்களை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொண்டார்கள். அதுவும் போதவில்லை. வீட்டு வாடகை, வேலை வாய்ப்பு, பழைய கார் என்று பக்கம் பக்கமாகக் காசு கொடுத்த வரி விளம்பரங்கள் கிரெய்க்ஸ்லிஸ்ட் மாதிரியான இணைய விளம்பரத் தளங்களுக்குப் போய்விட்டன. 2008இல் மட்டும் ராக்கிக்கு 1.6 கோடி டாலர் நஷ்டம். 2009 பிப்ரவரி 27இல் கடைசி இதழ். 150 வயதை எட்ட இரண்டு மாதம்கூட பாக்கி இல்லை.

வேலை போனவர்களில் சுமார் 30 பேர் சேர்ந்து உடனே இணையத்தில் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். பெயர் இன்டென்வர் டைம்ஸ். ராக்கியின் 150ஆவது பிறந்த நாளான ஏப்ரல் 23க்குள் 50,000 பேர் மாதம் 5 டாலர் சந்தா கட்டச் சம்மதித்தால் நடத்துவோம் என்றார்கள். சேர்ந்தது ஏறக்குறைய 3,000 பேர். திட்டம் அதோடு கலைந்தது.

ஒன்பது வருடம் கழித்து அதே ஊரில் இன்னொன்று நடந்தது. மிஞ்சியிருந்த டென்வர் போஸ்ட், ஆல்டன் குளோபல் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. ஒரு காலத்தில் 250க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்த செய்திப் பிரிவு நூறுக்கும் கீழே வந்தது. 2018 ஏப்ரலில் அந்தப் பத்திரிகையே தன் முதலாளிகளைக் கண்டித்து, கழுகு முதலாளிகள் என்று தலையங்கம் எழுதியது. அந்த ஆண்டு செப்டம்பரில் அங்கிருந்து வெளியே வந்த பத்துப் பேர் கொலராடோ சன் என்ற இணையப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். அது நிலைத்துவிட்டது. 2021இல் 24 உள்ளூர் வார, மாதப் பத்திரிகைகளை ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்து வாங்கவும் செய்தது. 2023இல் தன்னை லாப நோக்கற்ற அமைப்பாக மாற்றிக்கொண்டது.

அதே ஊர், அதே மாதிரி ஆட்கள். முதல் முயற்சி ஏன் படுத்தது, இரண்டாவது ஏன் நிலைத்தது? எனக்குத் தோன்றுவது: 2009இல் அவர்கள் ஒரு முழு நாளிதழை அப்படியே இணையத்தில் ஏற்றப் பார்த்தார்கள். விளையாட்டு, வானிலை, சினிமா எல்லாம் வேறு இடங்களில் சும்மா கிடைத்தன. 2018இல் வந்தவர்கள் வேறு யாரும் எழுதாததை மட்டும் எழுதினார்கள். தண்ணீர் உரிமை, மாநிலச் சட்டமன்றம், மலையோரச் சிற்றூர்களின் வீட்டு வாடகை. கட்டுரைகளுக்குப் பூட்டு போடவில்லை. விரும்பியவர்கள் உறுப்பினராகிப் பணம் கட்டுகிறார்கள். நானும் கட்டுகிறேன்.

பழைய_டெஸ்க் எழுதியது:

தம்பி, நல்ல விஷயத்தை எடுத்திருக்கிறீர்கள். நான் தமிழ் நாளிதழில் டெஸ்க்கில் (வரும் செய்திகளைத் திருத்தும் பிரிவு) இருந்து ஓய்வு பெற்றவன். பணக் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

வாசகர் கொடுக்கும் காசில் நாளிதழ் ஓடியதே கிடையாது. கடையில் கொடுக்கும் விலையில் ஏஜென்ட் கமிஷன் போக மிச்சம் வருவது காகிதச் செலவுக்கே காணாது. 2005இல் தினகரன் கைமாறிய பிறகு ஒரு ரூபாய்க்கு விற்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒரு ரூபாய்க்கு அத்தனை பக்கம் எப்படிக் கட்டுபடியாகும்? விளம்பரம் கட்டியது. ஜவுளிக்கடை, நகைக்கடை, பள்ளிக்கூட அட்மிஷன், அரசு டெண்டர், கண்ணீர் அஞ்சலி. இவர்கள் கொடுத்த காசில்தான் நிருபர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனார். வாசகர் தான் செய்திக்குக் காசு கொடுப்பதாக நினைத்தார். உண்மையில் எடைக்குப் போடும் காகிதத்துக்குக்கூட முழு விலை கொடுக்கவில்லை.

இப்போது விளம்பரம் கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போகிறது. காகித விலையும் சும்மா இருக்கவில்லை. 2019 பட்ஜெட்டில் இறக்குமதிக் காகிதத்துக்கு 10 சதவீதச் சுங்கவரி போட்டார்கள், கூச்சல் எழுந்தபின் அடுத்த ஆண்டு 5 ஆக்கினார்கள். பிறகு கொரோனா. வீட்டுக்குள் பேப்பர் எடுக்கவே ஜனங்கள் பயந்தார்கள். அப்போது நிறுத்திய வீடுகளில் பல திரும்பி வரவே இல்லை.

இதில் முதலில் வெட்டு விழுந்தது யாருக்கு என்று பாருங்கள். சென்னைத் தலைமை அலுவலகத்தில் அரசியல் எழுதுபவருக்கு விழவில்லை. தாலுகா நிருபருக்கு விழுந்தது. அவருக்குப் பல இடங்களில் முன்பே சம்பளம் என்று ஒன்று இல்லை. வரிக்கு இவ்வளவு என்று ஏதோ ஒரு தொகை, அப்புறம் அவரே பிடித்துத் தரும் விளம்பரத்தில் கமிஷன். தீபாவளி மலருக்கு நகராட்சித் தலைவரிடம் வாழ்த்து விளம்பரம் வாங்குபவர், அதே தலைவரின் சாக்கடை ஒப்பந்தத்தைப் பற்றி எப்படி எழுதுவார்? எழுதியவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் அமைப்பு அவர்களுக்கு எதிராகத்தான் இருந்தது. ஆகவே பழைய பேப்பர் காலத்தைப் பொற்காலமாக யாரும் நினைக்க வேண்டாம்.

கரையோர_சேனல் எழுதியது:

ஐயா சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் டெல்டாவில் ஒரு சின்ன ஊரில் யூடியூப் சேனலும் வாட்ஸப் செய்திக் குழுவும் நடத்துகிறேன். நீங்கள் சொல்லும் "புதிய இணையப் பதிப்பாளர்" என்றால் எங்கள் ஊரில் அது நான்தான். கேமரா, எடிட்டிங், பேச்சு எல்லாம் நானே. வண்டிக்குப் பெட்ரோல் போட்டால் அலுவலகம் திறந்தாயிற்று.

எது ஓடுகிறது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விபத்து ஓடும். கோயில் தேர் ஓடும். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் அடித்துக்கொண்டால் அது எல்லாவற்றையும் விட ஓடும். வாய்க்கால் தூர்வாரியதாகப் பில் போட்டிருக்கிறார்கள், ஆனால் வாரவில்லை என்று வயலுக்கு வயல் போய் எடுத்த வீடியோ, தேர் வீடியோவில் பத்தில் ஒரு பங்குகூடப் போகவில்லை. யூடியூப் தரும் காசு பார்வைக் கணக்குக்குத்தான். வாய்க்காலுக்கு அது தனிக் காசு தராது.

இன்னொன்று. நகராட்சிக் கூட்டத்துக்கு யார் போகிறார்கள் என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். நான் போனேன். வாசலில் நிறுத்தினார்கள். "எந்தப் பத்திரிகை? கார்டு எங்கே? யூடியூப் எல்லாம் பத்திரிகை இல்லை" என்றார்கள். ஊர்ப் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அதே கூட்டத்துக்கு நாளிதழ் நிருபர்கள் வந்திருந்தார்கள், உள்ளே விட்டார்கள், டீ கொடுத்தார்கள். மறுநாள் எல்லா பேப்பரிலும் "45 தீர்மானங்கள் நிறைவேறின" என்று ஒரே மாதிரி வந்தது. அந்த 45இல் எந்த வார்டுக்கு என்ன என்று ஒருவரும் எழுதவில்லை.

வன்னிமகள் எழுதியது:

தம்பி எழுதினதை வாசிக்கக் கவலையாக இருக்கிறது. நான் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில் இருக்கிறேன். இங்கே நடந்ததில் உங்களுக்கு உதவக்கூடிய ஒன்றிரண்டு விஷயம் இருக்கிறது.

ரொறன்ரோவைச் சுற்றி இருக்கிற தமிழ் வீடுகளில் வாசலில் வந்து விழும் இலவச வாரப் பத்திரிகைகளை எல்லாருக்கும் தெரியும். உள்ளே சூப்பர் மார்க்கெட் ஃபிளையர்கள் (விளம்பரத் தாள்கள்) கட்டாக இருக்கும். கனபேர் ஃபிளையரை எடுத்துவிட்டுப் பத்திரிகையை எறிந்துவிடுவார்கள். அந்த ஃபிளையர் காசில்தான் அந்தப் பத்திரிகைகள் வந்தன. 2023 செப்டம்பரில் மெட்ரோலாண்ட் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி, 70க்கும் அதிகமான வாரப் பத்திரிகைகளின் அச்சை ஒரேயடியாக நிறுத்தியது. 605 பேருக்கு வேலை போனது. பழைய_டெஸ்க் ஐயா சொன்னதுதான் இங்கேயும்: செய்திக்கு யாருமே காசு கொடுக்கவில்லை, வேறு எதற்கோ வந்த காசு செய்தியைச் சுமந்தது.

ஆனால் குவெல்ஃப் என்ற நகரத்தைப் பாருங்கள். அங்கே குவெல்ஃப் மெர்க்குரி என்று 1854இல் தொடங்கின பத்திரிகை. கனடா என்ற கூட்டாட்சி உண்டானது 1867இல். 2016 ஜனவரி 29 அன்று அதன் அச்சு நின்றது. அதே நாளில் நாட்டின் மறுகரையில் நனைமோ டெய்லி நியூஸும் நின்றது. அடுத்த மாதமே வில்லேஜ் மீடியா என்ற நிறுவனம் குவெல்ஃப் டுடே என்ற இணையத்தளத்தைத் தொடங்கியது. அவர்களுடைய வேர் சூ செயின்ட் மரி என்ற வடக்குப் பக்கத்து ஊர். அங்கே சூடுடே என்று ஒரு தளத்தை நடத்திப் பழகி, அதே முறையை ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள். பாரி நகரத்தில் 2017இல் பாரி எக்ஸாமினர் மூடப்பட்டபோதும், அந்த ஊருக்கென்று அவர்களுடைய தளம் இருந்தது.

அவர்கள் பிடித்திருக்கும் முறை பெரிதாக ஒன்றும் இல்லை. ஊருக்கு ஒரு தளம். ஊரிலேயே வசிக்கிற நிருபர்கள். சந்தா கட்டாயம் இல்லை. ஊர்க் கடைகளின் விளம்பரத்தை நேரடியாகப் பிடிப்பது, கூகிளை நம்பியிராமல். அதோடு மரண அறிவித்தல்கள். ஈழத்தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை! எங்கள் புலம்பெயர் இணையத்தளங்கள் பலவற்றில் சனம் முதலில் பார்ப்பதும், காசு வருவதும் மரண அறிவித்தலில்தான். யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் பாரிஸிலும் லண்டனிலும் ஸ்காபரோவிலும் இருக்கிற சொந்தங்கள் அங்கேதான் அறிகிறார்கள். அந்த வருகை ஒவ்வொரு நாளும் இருக்கும்; எந்த நிறுவனமும் தன் விதியை மாற்றி அதைப் பறிக்க ஏலாது. ஊர்ச் செய்தித்தளம் ஒன்றுக்கு அத்திவாரமாக இதைவிட உறுதியான ஒன்றை நான் காணவில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வன்னிமகள் அக்கா "விதியை மாற்றிப் பறிக்க ஏலாது" என்றதுதான் இந்த இழையில் முக்கியமான வரி. இணையப் பத்திரிகை எல்லாம் ஒன்று என்று பேசுவதால் வரும் குழப்பத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் அலையில் பெரிய பெயர்கள் அமெரிக்க இணைய ஊடகங்களான ஹஃபிங்டன் போஸ்ட்டும் பஸ்ஃபீடும். ஹஃபிங்டன் போஸ்ட் 2005இல் தொடங்கி, 2011இல் ஏஓஎல் என்ற இணைய நிறுவனத்துக்கு 31.5 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. 2012இல் அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் உயரிய பரிசான புலிட்சரும் வாங்கியது. நியூயார்க் டைம்ஸுக்கே இனி இவர்கள்தான் வாரிசு என்று எழுதினார்கள். பஸ்ஃபீட் நியூஸ் 2021இல் சீனாவின் சிஞ்சியாங் தடுப்பு முகாம்கள் பற்றிய புலனாய்வுக்கு புலிட்சர் வாங்கியது. செயற்கைக்கோள் படங்களை வைத்து முகாம்களைக் கண்டுபிடித்த அந்தக் குழுவில் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த மேகா ராஜகோபாலன் ஒருவர். உயர்தரமான வேலை, சந்தேகமே இல்லை. இரண்டே வருடத்தில், 2023 ஏப்ரலில், பஸ்ஃபீட் நியூஸை மூடினார்கள். அடுத்த மாதம் அதே மாதிரியான இன்னொரு ஊடகமான வைஸ் திவாலானது.

காரணம் எழுத்தின் தரம் இல்லை. வாசகர்கள் ஃபேஸ்புக் வழியாக வந்தார்கள். ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் செய்தியைக் குறைத்து நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளை மேலே காட்டப்போவதாக அறிவித்தது. வாசல் இன்னொருவருடையது, அவர் சாத்திவிட்டார்.

இன்னொரு பக்கம் பிரான்ஸின் மெதியாபார். லெ மோந்த் நாளிதழின் முன்னாள் ஆசிரியர் எத்வி பிளெனெலும் சக பத்திரிகையாளர்களும் 2008 மார்ச்சில் தொடங்கியது. விளம்பரமே கிடையாது. சந்தா கட்டினால்தான் படிக்கலாம். இணையத்தில் யார் காசு கொடுப்பார்கள் என்று அப்போது எல்லாரும் கேட்டார்கள். 2012 டிசம்பரில், வரி ஏய்ப்பை ஒழிக்க வேண்டிய பட்ஜெட் அமைச்சர் ஜெரோம் கயுசாக்குக்கே வெளிநாட்டில் ரகசிய வங்கிக் கணக்கு இருந்தது என்று எழுதினார்கள். அவர் நாடாளுமன்றத்தில் நின்று மறுத்தார். 2013 மார்ச்சில் பதவி விலகினார், ஏப்ரலில் ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு பெரிய புலனாய்வுக்குப் பிறகும் சந்தாதாரர்கள் கூடினார்கள். இன்று அவர்கள் எண்ணிக்கை லட்சங்களில் இருக்கிறது. 2019இல் நிறுவனர்கள் தங்கள் பங்குகளை, யாரும் விலைக்கு வாங்க முடியாத ஓர் அறநிதி அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

ஆகவே, அச்சா இணையமா என்ற கேள்வியை நான் கேட்பதில்லை. வாசகரிடம் போகும் வழி யார் கையில் இருக்கிறது, நிருபரின் சம்பளம் யாரிடமிருந்து வருகிறது என்ற இரண்டைத்தான் கேட்கிறேன்.

இளவேனில் எழுதியது:

எல்லாரும் பெரியவர்கள் பேசுகிறீர்கள், நடுவில் வருகிறேன். கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் விடுதியில் யாரும் பேப்பர் வாங்குவதில்லை. ஆனால் செய்தி தெரியாமல் இல்லை. இன்ஸ்டாவில் வருகிறது, யூடியூபில் வருகிறது. மாதம் நூறு ரூபாய் செய்திக்குக் கொடு என்றால் எதற்கு என்றுதான் கேட்பார்கள். ஓடிடிக்குக் கொடுக்கிறார்கள், அதை ஒளிக்கவில்லை. ஆனால் ஒரே செய்தி பத்து இடத்தில் சும்மா கிடைக்கும்போது பதினோராவது இடத்துக்கு ஏன் காசு?

டென்வர்வாசி எழுதியது:

இளவேனில், நியாயமான கேள்விதான். ஆனால் பத்து இடத்திலும் வரும் அந்த ஒரே செய்தி எங்கிருந்து வந்தது என்று பின்னாலேயே போய்ப் பாருங்கள். முதலில் யாரோ ஒருவர் நேரில் போயிருப்பார். மற்ற ஒன்பது பேர் அதை எடுத்துப் பேசியிருப்பார்கள். அந்த ஒருவர் போகவில்லை என்றால் பத்து இடத்திலும் ஒன்றும் இருக்காது. இல்லாத செய்தியை யாரும் தேட மாட்டார்கள் என்பதுதான் இதில் பயங்கரம்.

கலிஃபோர்னியாவில் பெல் என்று ஒரு சின்ன நகரம், பெரும்பாலும் உழைக்கும் ஏழை மக்கள். அந்த ஊர் நிர்வாகி ராபர்ட் ரிஸ்ஸோ ஆண்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் வெளிக்கொண்டுவரும்வரை ஊருக்குத் தெரியாது. அவர்களும் பக்கத்து ஊர் விவகாரம் ஒன்றை விசாரிக்கப் போன இடத்தில்தான் இது கிடைத்தது. கூட்டத்துக்கு வழக்கமாகப் போய் உட்காரும் நிருபர் ஒருவர் அந்த ஊருக்கு இருந்திருந்தால் இத்தனை வருடம் ஓடியிருக்காது.

இதைப் பணத்திலும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் உள்ளூர் நாளிதழ் மூடிய பகுதிகளில் உள்ளாட்சிகள் வாங்கும் கடனுக்கு வட்டி கூடியதை மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளி வரை. கேட்கச் சின்னதாக இருக்கும். கோடிக்கணக்கான டாலர் கடன் பத்திரத்தில் அது பெரிய தொகை. யாரும் பார்க்காத நகராட்சிக்குக் கடன் கொடுப்பவர் கூடுதல் வட்டி கேட்கிறார். அந்த வட்டியை ஊர்க்காரர்கள் வரியாகக் கட்டுகிறார்கள், பேப்பர் வாங்காதவர்களும் சேர்ந்துதான்.

மதுரை_வழக்குரைஞர் எழுதியது:

பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். சட்டத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

இந்தியாவில் அச்சுப் பத்திரிகைக்கு 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய பதிவுச் சட்டம் வந்தது. இணையச் செய்தித்தளங்கள் அதற்குள் வரவில்லை. அவற்றைக் கட்டுப்படுத்துவது 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள். அந்த விதிகளை எதிர்த்துப் பாடகர் டி.எம். கிருஷ்ணா உள்ளிட்டோர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சில பிரிவுகளுக்கு முதலில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அது நாடு முழுக்கப் பொருந்தும் என்று சென்னையும் சொன்னது.

நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு விகடன் வழக்கு இருக்கிறது. 1926இல் தொடங்கிய பத்திரிகை. அதன் இணைய இதழில் 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கார்ட்டூன் வந்தது. சில நாட்களில் விகடன் தளம் முழுக்கத் திறக்காமல் போனது. ஒரு கார்ட்டூனுக்காகப் பல ஆண்டுகளின் கட்டுரைகள் அத்தனையும் வாசகருக்குக் கிடைக்கவில்லை. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கார்ட்டூன் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிடச் சொல்லி, தளத்தைத் திறந்துவிட உத்தரவிட்டது.

அச்சுக் காலத்தில் ஓர் இதழைப் பறிமுதல் செய்ய வேண்டுமென்றால் கடை கடையாகப் போலீஸ் போக வேண்டும். அதற்குள் பாதி விற்றிருக்கும். இப்போது அரசின் ஒரு கடிதம் போதும். விகடனுக்கு வழக்கறிஞர் வைக்க வசதி இருந்தது. கரையோர_சேனல் தம்பியின் பக்கத்தை நாளை முடக்கினால் அவர் எங்கே போவார்?

கரையோர_சேனல் எழுதியது:

எங்கும் போக முடியாது, அண்ணா. ஒருமுறை மணல் லாரி வீடியோவுக்கு யாரோ கூட்டமாகப் புகார் போட்டு யூடியூபில் எடுத்துவிட்டார்கள். மேல்முறையீடு என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினேன். மனிதர் யாரும் பதில் சொல்லவில்லை.

வன்னிமகள் எழுதியது:

இதற்குத்தான் யெல்லோநைஃப் கதையைச் சொல்ல வேண்டும். கனடாவின் வடக்கில் ஏறக்குறைய 20,000 பேர் இருக்கிற நகரம். 2023 ஆகஸ்டில் காட்டுத்தீ நெருங்கி வந்து முழு நகரத்தையும் வெளியேறச் சொன்னார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மெட்டா, புதிய இணையச் செய்திச் சட்டத்தின்படி ஊடகங்களுக்குக் காசு கொடுக்க மறுத்து, கனடாவில் பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் செய்தி இணைப்புகளையே தடுத்திருந்தது. தீ எங்கே வந்துவிட்டது, எந்த வீதி திறந்திருக்கிறது என்ற செய்தியைக்கூடப் பகிர ஏலாது. சனம் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டார்கள்.

அந்த நாட்களில் அந்த ஊரைத் தாங்கினவற்றில் கேபின் ரேடியோ முக்கியமானது. உள்ளூர்க்காரர் சிலர் 2017இல் தொடங்கின சின்ன இணைய ஊடகம். ஒரு கைக்கு அடங்கின ஆட்கள், தாங்களும் வெளியேறிக்கொண்டே இரவும் பகலும் எழுதினார்கள். சனம் நேராக அவர்களுடைய தளத்துக்கே போனார்கள். ஏனென்றால் பல வருடமாக அங்கே போய்ப் பழகியிருந்தார்கள். தம்பி, உங்கள் சேனலைப் பார்ப்பவர்களிடம் இன்றிலிருந்தே மின்னஞ்சலோ தொலைபேசி எண்ணோ வாங்கிச் சேருங்கள். அந்தப் பட்டியல் உங்களுடையது. யூடியூப் மூடினாலும் அது உங்களிடம் இருக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இந்தியாவிலும் நம்பிக்கை தரும் உதாரணம் உண்டு. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. விவரங்கள் மார்ச்சில் வெளியானபோது பட்டியலில் ஆயிரக்கணக்கான வரிகள், யார் எந்த நிறுவனம் என்று பிரித்து அறிவதே பெரும்பாடு. நியூஸ்லாண்ட்ரி, ஸ்க்ரோல், தி நியூஸ் மினிட் ஆகிய மூன்று இணைய ஊடகங்களும் சில சுதந்திரப் பத்திரிகையாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வருமான வரிச் சோதனைக்குப் பிறகு பத்திரம் வாங்கிய நிறுவனங்கள் எவை என்று தேதிவாரியாக எழுதினார்கள். போட்டி நாளிதழ்கள் இப்படிச் சேர்ந்து வேலை செய்து நான் பார்த்ததில்லை. நியூஸ் மினிட் 2014இல் பெங்களூரில் தொடங்கியது, தென்னிந்தியாவுக்கென்றே. சந்தாவும் உண்டு.

ஆனால் இவை எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் மாவட்ட அளவில், வாசகர் சந்தாவில் மட்டும் நிற்கும் ஒன்றை என்னால் காட்ட முடியவில்லை. இதுதான் என் மனக்குறை.

பழைய_டெஸ்க் எழுதியது:

குறைதான். ஆனால் முடியாது என்று சொல்ல மாட்டேன். ஒரு தாலுகாவில் 500 பேர் மாதம் நூறு ரூபாய் கொடுத்தால் 50,000 ரூபாய். பல தாலுகா நிருபர்கள் இதுவரை பார்க்காத வருமானம் அது. விளம்பரத்துக்காக யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம். 500 பேர் எங்கே என்பீர்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் ஊர்க்காரர்களிடமிருந்து தொடங்குங்கள். அவர்களுக்குத்தான் ஊர்ச் செய்திக்கு ஏக்கம் அதிகம், வீடும் நிலமும் இன்னும் அங்கேதானே இருக்கின்றன.

கரையோர_சேனல் தம்பிக்கு டெஸ்க்காரனாகச் சில வார்த்தைகள். தேரையும் விடாதீர்கள், தேர் பார்க்க வருபவர்தான் வாய்க்காலையும் பார்ப்பார். ஒருவரைப் பற்றி எழுதும் முன் அவரிடம் பதில் கேளுங்கள், கேட்டதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தவறு வந்தால் அதே இடத்தில், அதே அளவில் திருத்தம் போடுங்கள். கார்டு இல்லை என்று வாசலில் நிறுத்தினால் சண்டை போட வேண்டாம். கூட்டத்தின் தீர்மான நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவுக்குப் பத்து ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். 45 தீர்மானங்களையும் வார்டுவாரியாகப் பிரித்து, எந்தத் தெருவுக்கு எவ்வளவு தொகை, ஒப்பந்ததாரர் யார் என்று வரிசையாகப் போடுங்கள். வீடியோ வேண்டாம், படித்துப் பகிரும்படி எழுத்தாகப் போடுங்கள். தன் தெருப் பெயரைப் பார்த்தவுடன் அந்தத் தெருக்காரர் நின்று படிப்பார்.

இளவேனில் எழுதியது:

அண்ணா, உங்கள் ஊர் எது என்று கேட்கவில்லை. ஆனால் தீர்மான நகல் கையில் வந்தால் தட்டச்சு செய்து அட்டவணையாக்க நானும் என் நண்பர்கள் இருவரும் வருகிறோம். காசு வேண்டாம்.

கரையோர_சேனல் எழுதியது:

வாங்க தம்பி, பெரிய உதவி. ஐயா, மனுவை நகராட்சி ஆணையருக்கு எழுதுவதா, பொதுத் தகவல் அலுவலர் என்று எழுதுவதா? கடந்த மூன்று கூட்டங்களையும் ஒரே மனுவில் கேட்கலாமா?

பழைய_டெஸ்க் எழுதியது:

"பொதுத் தகவல் அலுவலர், நகராட்சி அலுவலகம்" என்று எழுதுங்கள். மூன்று கூட்டங்களையும் ஒரே மனுவில் கேட்கலாம், ஆனால் தேதிகளைத் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மனுவின் வரைவை இங்கேயே போடுங்கள், மதுரை வழக்குரைஞரும் நானும் பார்த்துத் தருகிறோம்.